கிட் லென்ஸிலிருந்து ப்ரோ வைட் ஜூமுக்கு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை, வாங்கிய பின் செய்ய வேண்டியவை

கல்யாண மண்டபத்தில் மேடைக்கு எதிரே வீடியோக்காரர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் லைட் ஸ்டாண்டு, அதற்கும் பின்னால் நாற்காலி வரிசை. இதற்கு மேல் பின்னால் போக வழியில்லை. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸை 18 வரைக்கும் திருப்பியாயிற்று, ஆனாலும் மேடை ஓரத்தில் நிற்கும் பெரியப்பா பாதிதான் விழுகிறார். வைட் லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்ற எண்ணம் நிறையப் பேருக்கு இப்படித்தான் வருகிறது. அடுத்த வாரம் யூடியூபில் நாலு வீடியோ, அதற்கடுத்த வாரம் 16-35 எஃப்/2.8-க்கு இஎம்ஐ கணக்கு. அந்தக் கணக்குக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன், வாங்கிய பிறகு முதல் சில வாரங்களில் கவனிக்க வேண்டியதையும் சேர்த்து.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்முறையாக ப்ரோ வைட் ஜூம் வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எஃப்/2.8 தேவையில்லை, எஃப்/4 போதும் (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் கூடுதல் வெளிச்சம் வாங்கும்). கிராப் சென்சார் பாடி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள கேமரா) வைத்திருப்பவர்களுக்கோ 16-35 என்ற எண்ணே தவறு. இரண்டுக்கும் காரணம் கீழே.

படி 1: பழைய படங்களைத் திறந்து பாருங்கள்

லைட்ரூம் இருந்தால் லைப்ரரியில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து ஃபோக்கல் லெங்த்தைத் தேர்ந்தெடுங்கள், எந்த மில்லிமீட்டரில் எத்தனை படம் எடுத்திருக்கிறீர்கள் என்று அதுவே எண்ணிக் காட்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் படத்தின் ப்ராப்பர்ட்டீஸில் எக்ஸிஃப் விவரம் (படத்தோடு கேமரா பதிந்துவைக்கும் தகவல்) இருக்கும், ஒரு ஐம்பது நூறு படத்தைத் தட்டிப் பார்த்தாலே போக்கு தெரிந்துவிடும். பாதிக்கு மேல் 18-இல் குவிந்திருந்தால் மேலே படியுங்கள். 55 பக்கம் குவிந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது வேறு லென்ஸ், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 70-200 பக்கம் போகலாம்.

18-இல் எடுத்தவற்றை இன்னொரு முறை பிரித்துப் பாருங்கள். அவற்றில் இரண்டு வகை இருக்கும். நகர இடமே இல்லாததால் 18-க்குப் போனது ஒரு வகை: சின்ன அறை, மண்டபம், சந்து, பஸ்ஸின் உள்ளே. இன்னொரு வகை, எல்லாமே படத்தில் விழ வேண்டும் என்று 18-இல் வைத்து எடுத்தது. அதில் மேலே வெறும் வானம், கீழே வெறும் தரை, நடுவில் ஆள் எறும்பாக இருப்பார். முதல் வகைக்கு வைட் லென்ஸ் மருந்து. இரண்டாவது வகையை அது இன்னும் மோசமாக்கும், ஆள் இன்னும் சின்னதாகிவிடுவார், அதற்கு லட்ச ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை.

படி 2: உங்கள் பாடியைப் பாருங்கள்

இங்கேதான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். 16-35 என்பது ஃபுல் ஃப்ரேம் சென்சாரில்தான் வைட். கிராப் பாடியில் மாட்டினால் கேனனில் 1.6 ஆலும் நிக்கான், சோனியில் 1.5 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதாவது கேனன் கிராப்பில் அது கிட்டத்தட்ட 26-56 மாதிரி வேலை செய்யும். உங்களிடம் இருக்கும் 18-55 அதே பாடியில் 29-88. ஆக, இரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸ் உங்கள் கிட் லென்ஸைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாகக் காட்டும், ஜூம் குறைவாக இருக்கும், எடை மூன்று மடங்கு இருக்கும். "பின்னாடி ஃபுல் ஃப்ரேம் வாங்குவேன், அப்போ உதவும்" என்பார்கள். வாங்கும்போது வாங்கிக்கொள்ளலாமே! அதற்குள் அந்த லென்ஸின் அடுத்த பதிப்பு வந்து, பழையது செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

கிராப் பாடிக்கென்றே செய்த வைட் ஜூம்கள் சின்னவை, விலையும் குறைவு. கேனன் டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே மிரர் உள்ள பழைய வகை கேமரா) 2014-இல் வந்த இஎஃப்-எஸ் 10-18 இருக்கிறது, 240 கிராம்தான். கேனன் ஆர் வரிசை கிராப் பாடிக்கு ஆர்எஃப்-எஸ் 10-18. நிக்கானில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20. ஆனால் இந்த ஏஎஃப்-பி வகை டி3200, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது, விற்கிறவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிச்சமும் வேண்டும், காசும் கொஞ்சம் கூடப் போடலாம் என்றால் சோனி கிராப்புக்கு டாம்ரான் 11-20 எஃப்/2.8, சிக்மா 10-18 எஃப்/2.8 இரண்டும் அருமையான தேர்வு. சிக்மா 260 கிராம் அளவில் முடிந்துவிடுகிறது, எஃப்/2.8 வைட் ஜூம் இவ்வளவு சின்னதாக வரும் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

அப்புறம் மவுண்ட், அதாவது லென்ஸும் கேமராவும் பொருந்தும் வளையம். கேனன் இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. நிக்கான் டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் மாட்டும், ஆனால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும்; சோனியிலும் இதே கதை, 24 மெகாபிக்சல் பாடி பத்துக்கு இறங்கிவிடும். மிரர்லெஸ்ஸுக்கு (மிரர் இல்லாத புது வகை கேமரா) மாறியவர்கள் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் போட்டு ஓட்டலாம். கேனன் இஎஃப் லென்ஸ்கள் ஆர் பாடியில் அடாப்டருடன் நன்றாகவே ஓடும், பணம் இறுக்கமாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் கிடைக்காது. டிஎஸ்எல்ஆரிலேயே இருப்பவர்கள் மட்டும் ஒன்று நினைவில் வையுங்கள்: மிரர்லெஸ் லென்ஸை எந்த அடாப்டர் போட்டாலும் டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது.

இனி வருவது பெரும்பாலும் ஃபுல் ஃப்ரேம் கணக்கு.

படி 3: எத்தனை மில்லிமீட்டர்?

டெலி பக்கம், அதாவது தூரத்தை இழுத்துக் காட்டும் பக்கம், 200-க்கும் 210-க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. வைட் பக்கம் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேசும். மூலைக்கு மூலை அளந்தால் 35-இல் 63 டிகிரி, 24-இல் 84, 16-இல் 107, 14-இல் 114, 12-இல் 122. கிட் லென்ஸின் 18 என்பது ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 27 அல்லது 29தான், அங்கிருந்து 16-க்கு வருவதே பெரிய தாவல். 12, 14 எல்லாம் அடுத்த உலகம், அதில் கால் நுனியும் உங்கள் நிழலும் படத்தில் வராமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை.

கடைகளில் பொதுவாக மூன்று குடும்பம் இருக்கும். 16-35 அல்லது 15-35, 14-35 மாதிரியானவை முதல் குடும்பம். 14-24, 12-24 இரண்டாவது. 17-28, 16-28 என்று சின்னதாகவும் இலேசாகவும் செய்தவை மூன்றாவது. ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு காலை முகூர்த்தம் முதல் சாப்பாட்டுப் பந்தி வரை சுற்றுகிறவருக்கு முதல் குடும்பம்தான் சரி, ஏனென்றால் 35-இல் மனிதர்களை மனிதர்களாக எடுக்கலாம். 14-24 கட்டடக்கலை, இன்டீரியர், இரவு வானம் என்று தெரிந்து வாங்குகிறவர்களுக்கானது. 2007-இல் வந்த நிக்கான் 14-24 எஃப்/2.8 ஜி அந்தக் காலத்தில் பெரிய பேர் வாங்கிய லென்ஸ். ஆனால் முன் கண்ணாடி முட்டையாகப் புடைத்திருக்கும், சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது, எடை ஒரு கிலோ. 2020-இல் வந்த இசட் மவுண்ட் பதிப்பு 650 கிராம், அதற்கென்று கூட வரும் ஹூடில் 112 மி.மீ. ஃபில்டர் மாட்டலாம். 112-க்கு ஃபில்டர் விலை கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.

படி 4: எஃப்/2.8-ஆ, எஃப்/4-ஆ?

ப்ரோ லென்ஸ் என்றாலே வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும் என்று நினைக்கிறோம். உங்கள் கிட் லென்ஸின் பேரைப் பாருங்கள்: எஃப்/3.5-5.6. வைட் முனையில் அது ஏற்கெனவே 3.5. அதாவது எஃப்/4 ப்ரோ ஜூம் அந்த முனையில் கிட் லென்ஸைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைவுதான், எஃப்/2.8 வாங்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப்தான். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 3200-இல் எடுத்தது 2000-இல் வரும், அவ்வளவே. கிராப்பிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு மாறும்போது சென்சார் தருவது அதைவிட அதிகம், சுமார் ஒரு ஸ்டாப்.

பிறகு எதற்குத்தான் காசு? மூலை வரை ஷார்ப்பாக இருப்பதற்கு. ஜூம் செய்யும்போது அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) மாறாமல் இருப்பதற்கு, மேனுவலில் ஃப்ளாஷ் போட்டு எடுக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். சூரியனோ மண்டப ஃபோக்கஸ் லைட்டோ நேராக விழுந்தாலும் படம் வெளுக்காமல் இருப்பதற்கு. தூசி, தூறல் தாங்குவதற்கு. இவையெல்லாம் நல்ல எஃப்/4 லென்ஸிலும் இருக்கின்றன. அதனால்தான் எஃப்/4 போதும் என்கிறேன்.

எடையையும் பாருங்கள். கேனன் ஆர்எஃப் 15-35 எஃப்/2.8 எல் 840 கிராம், ஆர்எஃப் 14-35 எஃப்/4 எல் 540. டிஎஸ்எல்ஆர் காலத்து இஎஃப் 16-35 எஃப்/2.8 எல் மூன்றாம் பதிப்பு 790, எஃப்/4 எல் ஐஎஸ் 615. சோனியில் 16-35 எஃப்/2.8 ஜிஎம் முதல் பதிப்பு 680, 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு 547. எஃப்/4 பவர் ஜூம் வெறும் 353. நிக்கான் இசட் 14-30 எஃப்/4 485 கிராம், 14-இல் தொடங்கியும் சாதாரண 82 மி.மீ. ஃபில்டர் மாட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. எஃப்/2.8 ப்ரோ லென்ஸ்களின் விலை இந்தியாவில் இரண்டு லட்சத்தைச் சுற்றியும் அதற்கு மேலும் நிற்கிறது, எஃப்/4 அதைவிட நன்றாகவே குறையும்.

எஃப்/2.8 யாருக்கு வேண்டும்? ஃப்ளாஷ் போட முடியாத இடத்தில் நகரும் ஆட்களை எடுக்கிறவருக்கு: இரவு ஊர்வலம், கச்சேரி, நடன அரங்கேற்றம், கூத்து. ஐஎஸ், அதாவது லென்ஸின் ஸ்டெபிலைசர், இருந்தால் எஃப்/4-இலேயே சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள். ஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஆடுகிற பெண்ணின் கையை நிறுத்தாது. அடுத்து நட்சத்திரம் எடுக்கிறவர்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் நீங்கள் இல்லையென்றால் மிச்சமாகும் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு முறைதான் 2.8 தேவைப்படும் என்றால் கேனன் ஆர்எஃப் 16 எஃப்/2.8 மாதிரி ஒரு சின்ன பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) இருக்கிறது, 165 கிராம், பேன்ட் பாக்கெட்டில் போகும். மூலையில் ப்ரோ லென்ஸ் தரம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் நட்சத்திரம் விழும்.

படம் எடுக்கும் தொழில் உங்களுக்குச் சோறு போட்டால், வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி இருந்தால், இந்தப் பகுதியை மறந்துவிட்டு எஃப்/2.8-ஐயே வாங்குங்கள். டாம்ரான் 17-28, சிக்மா 16-28 இரண்டும் எஃப்/2.8, இரண்டும் 450 கிராமுக்குள், பிராண்ட் பெயரில் கௌரவம் பார்க்காதவர்களுக்கு நல்ல வழி. 28-க்கு மேல் போகாது என்பதுதான் விட்டுக்கொடுப்பு.

படி 5: வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆதாரும் முன்பணமும் கேட்பார்கள். வாங்க நினைக்கும் லென்ஸையே ஒரு சனி ஞாயிறு எடுங்கள், நீங்கள் வழக்கமாக எடுப்பதையே எடுங்கள், டெஸ்ட் சார்ட்டை அல்ல. எடை கழுத்துக்குத் தாங்குகிறதா, 16-இல் எத்தனை படம், 35-இல் எத்தனை படம் என்று பிறகு எக்ஸிஃப் பாருங்கள். முக்கால்வாசி 28-35-இல் இருந்தால் உங்களுக்குத் தேவைப்பட்டது 24-70.

படி 6: புதியதா, செகண்ட் ஹேண்டா?

புதியது என்றால் சொல்ல அதிகமில்லை. ஜிஎஸ்டி பில், பில்லிலும் வாரன்டி கார்டிலும் லென்ஸிலும் ஒரே சீரியல் நம்பர், இந்திய வாரன்டி. பத்து இருபதாயிரம் குறைத்துத் தருகிறேன், பில் இல்லை என்றால் அது வேறு நாட்டுச் சரக்காக இருக்கலாம், சர்வீஸ் சென்டரில் வாரன்டி கேட்க முடியாது. ஒரு திருகு கழன்றாலும் செலவு உங்களுடையது.

செகண்ட் ஹேண்டில் நல்ல வைட் ஜூம் நிறையக் கிடைக்கிறது, டிஎஸ்எல்ஆரை விட்டவர்கள் வரிசையாக விற்கிறார்கள். 2014-இன் இஎஃப் 16-35 எஃப்/4 எல் ஐஎஸ் இன்றைக்கும் சளைத்ததில்லை. ஆனால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். போகும்போது உங்கள் பாடி, ஒரு மெமரி கார்டு, செல்போன் டார்ச், முடிந்தால் லேப்டாப் எடுத்துப் போங்கள்.

முதலில் வெளியே. முன்பக்க ஃபில்டர் வளையம் நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ், விற்கிறவர் எந்தக் கதை சொன்னாலும் சரி. மவுண்ட் திருகுகளில் தலை கீறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஜூம் வளையத்தை மெதுவாக முழுக்கத் திருப்புங்கள், எங்காவது ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. பிறகு லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி நாலைந்து துகள் இருக்கும், பரவாயில்லை, படத்தில் தெரியாது. நரம்பு நரம்பாக, சிலந்தி வலை மாதிரி ஓரத்திலிருந்து படர்ந்திருந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம், வாங்காதீர்கள். மெல்லிய புகைப்படலம் மாதிரி இருந்தால் ஹேஸ், அதுவும் வேண்டாம்.

அடுத்தது டீசென்டர் சோதனை. வைட் ஜூமில் உள்ளே ஒரு கண்ணாடி கொஞ்சம் சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். செங்கல் சுவரை நேரே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கேமரா சுவருக்கு மிகச் சரியாக இணையாக இல்லாவிட்டால் நல்ல லென்ஸும் கெட்டது போலத் தெரியும் என்பதால் எனக்கு அந்த முறை பிடிக்காது. இதைச் செய்யுங்கள்: மொட்டை மாடிக்குப் போய் நூறு மீட்டருக்கு அப்பால் எழுத்துள்ள ஒரு போர்டையோ ஜன்னல் கம்பியையோ தேர்ந்தெடுங்கள். 16-இல், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, அந்தப் பொருளை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். இனி ஃபோகஸைத் தொடக்கூடாது. அதே பொருளை இடது மேல் மூலையில் வைத்து ஒன்று, வலது மேலில் ஒன்று, கீழே இரண்டு என்று எடுங்கள். லேப்டாப்பில் 100 சதவீதத்தில் நான்கையும் ஒப்பிடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் குழைந்திருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். இதையே 24-இலும் 35-இலும் செய்ய வேண்டும், ஜூமில் ஒரு முனை நன்றாக இருந்து இன்னொரு முனை சாய்ந்திருப்பது உண்டு. விற்கிறவர் பொறுமை இழப்பார். இழக்கட்டும்.

புதிய லென்ஸுக்கும் இந்தச் சோதனையை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள்.

படி 7: கூட வரும் செலவு

பழைய ஃபில்டர் எதுவும் இதில் மாட்டாது. 18-55-க்கு 52, 55, 58 என்று இருக்கும். ப்ரோ வைட் ஜூம்கள் பெரும்பாலும் 77, 82. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கறுக்கச் செய்யும் ஃபில்டர்) புதிதாக வாங்குமுன் யோசியுங்கள்: சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் இருக்கும் வானம்தான் அதிகம் கறுக்கும், 16-இல் வானத்தின் பெரும்பகுதி படத்தில் விழுவதால் நடுவில் மட்டும் கருநீலத் திட்டு விழுந்து அசிங்கமாகும். தண்ணீர், இலை, ஈரப்பாறை எடுக்கும்போது அது தேவைதான். நீள எக்ஸ்போஷருக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று போதும். ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினால் 16-இல் மூலை கறுக்கும். கேனனின் 17-40 எல், 16-35 எஃப்/4 எல் போன்றவற்றில் முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் தூசி, தண்ணீர்த் தடுப்பு முழுமையாகும், மழையில் எடுக்கிறவர்கள் சாதாரண ப்ரொடெக்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எடிட்டிங்குக்கு வேறு ஒரு செய்தி: புதிய மிரர்லெஸ் வைட் ஜூம்கள் சில, ஆர்எஃப் 14-35 மாதிரியானவை, 14-இல் வளைவைச் சாஃப்ட்வேரை நம்பியே விட்டிருக்கின்றன. பழைய ரா கன்வெர்ட்டரில் திறந்தால் படம் உருண்டு மூலை கறுத்திருக்கும், லென்ஸ் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், லென்ஸ் ப்ரொஃபைலை ஆன் செய்யுங்கள்.

படி 8: கையில் வந்த பிறகு

கிட்டப் போங்கள். வைட் லென்ஸுக்கு இதைவிட முக்கியமான பாடம் கிடையாது. தெருவில் கோலம் போட்டிருக்கிறார்கள் என்றால் நின்றபடி 16-இல் எடுத்தால் கோலம் தட்டு அளவுக்குத் தெரியும். குத்தவைத்து உட்கார்ந்து, கோலத்தின் முன் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கேமராவை வைத்துப் பாருங்கள், கோலம் படத்தின் கீழ்ப்பாதியை நிரப்பும், தெரு அதன் பின்னால் நீண்டு போகும். ஃபோகஸ் எங்கே வைப்பது? ஃபுல் ஃப்ரேமில் 16 மி.மீ., எஃப்/8 என்றால் சுமார் 1.1 மீட்டரில் ஃபோகஸ் வையுங்கள். அரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க அளவு தெளிவாக இருக்கும். எஃப்/11-இல் 80 செ.மீ. போதும். எஃப்/22 வரை மூடாதீர்கள், ஒளி சிதறிப் படம் முழுக்கவே மென்மையாகிவிடும்.

இப்போது மேடையில் பாதியாக வெட்டுப்பட்ட பெரியப்பா. 16-இல் அவர் முழுதாக விழுவார், ஆனால் குண்டாக விழுவார். இது லென்ஸின் குறையில்லை. நேர்க்கோட்டை நேர்க்கோடாகக் காட்டும் எந்த வைட் லென்ஸும் ஓரத்தில் இருப்பதை இழுத்துத்தான் ஆக வேண்டும். கணக்குப் போட்டால், படத்தின் இடவலது விளிம்பில் உள்ள ஒரு தலை 16-இல் ஒன்றரை மடங்கு அகலமாகும், 24-இல் ஒன்றேகால் மடங்கு, 35-இல் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கூடும். லட்ச ரூபாய் லென்ஸிலும் இதே கணக்குதான். ஆகவே குரூப் போட்டோவுக்கு 24-க்குக் கீழே போகாதீர்கள், முடிந்தால் 35. இடமே இல்லை, 16-தான் என்றால் ஆட்களை நடுவில் நெருக்கி இரண்டு வரிசையாக்குங்கள், ஓரத்தில் வாழைமரமோ குத்துவிளக்கோ வரட்டும், அவை கோபித்துக்கொள்ளாது. கல்யாணப் பெண்ணை எக்காரணம் கொண்டும் மூலையில் வைக்காதீர்கள்.

அடுத்து லெவல். கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்தாலே கோபுரம் பின்பக்கம் சாயும், வைட் ஆக ஆகச் சாய்வு அதிகமாகத் தெரியும். கேமராவிலேயே எலெக்ட்ரானிக் லெவல் இருக்கும், அதை எப்போதும் ஆனில் வையுங்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 73 மீட்டர். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, அண்ணாக்காமல் நேரே வைத்தால், 24-இல் முழுக் கோபுரமும் விழ 95 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 16-இல் 64 மீட்டர் போதும். கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும், பிறகு வெட்டிக்கொள்ளலாம் (அல்லது அங்கே ஒரு பூக்காரம்மாவைக் கொண்டு வரலாம், அது உங்கள் சாமர்த்தியம்). அவ்வளவு தள்ளிப் போக இடமில்லை என்றால் அண்ணாந்து எடுத்து லைட்ரூமில் ட்ரான்ஸ்ஃபார்மில் நிமிர்த்துங்கள், அதற்காகச் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும்.

கோவில் என்றதும் ஒன்று. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோவில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்ன பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, கேமராவுக்கு அந்தந்தக் கோவில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தஞ்சைப் பெரிய கோவில், கங்கைகொண்ட சோழபுரம், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடு வைக்க அனுமதி வாங்க வேண்டும். இந்த மாதிரி இடத்தில்தான் ஐஎஸ் உள்ள எஃப்/4 காசுக்கு வேலை செய்கிறது. கல்தூண் அசையாது, தூணில் முதுகைச் சாய்த்து மூச்சைப் பிடித்தால் கால் நொடி வரை கையிலேயே எடுத்துவிடலாம்.

நட்சத்திரத்துக்கு: 500-ஐ ஃபோக்கல் லெங்த்தால் வகுத்தால் வரும் நொடிதான் பழைய விதி, 16-இல் 31 நொடி. இன்றைய 24, 45 மெகாபிக்சல் சென்சாரில் அது நீளம், நட்சத்திரம் கோடாகும். 15 நொடியில் தொடங்குங்கள். விளக்கு நட்சத்திரமாக விரிய வேண்டுமென்றால் எஃப்/11 முதல் எஃப்/16 வரை. அப்பர்ச்சர் துவாரத்தின் பிளேடு எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் கதிர்கள் இரட்டிப்பாகும், 9 பிளேடுக்கு 18 கதிர்.

படி 9: ஃபங்கஸிடமிருந்து காப்பாற்றுங்கள்

நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்கு முதல் எதிரி இதுதான், கீழே விழுவதெல்லாம் அப்புறம். லென்ஸோடு வரும் துணிப் பையிலோ தோல் உறையிலோ பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். டிரை கேபினெட் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்தி மறுபடி போடுங்கள். மாசக்கணக்கில் தொடாமல் வைப்பதைவிட வாரம் ஒரு முறை எடுத்து வெளிச்சத்தில் இரண்டு படம் எடுப்பது லென்ஸுக்கும் நல்லது.

ஏசி காரிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ வெளியே வந்தவுடன் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். அரை மணி நேரம் பை மூடியே இருக்கட்டும். தனுஷ்கோடி, மெரினா மாதிரி இடத்துக்குப் போய் வந்தால் அன்றிரவே லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் உடம்பைத் துடையுங்கள், உப்பு காய்ந்தால் வளையம் நறநறக்கும். கண்ணாடிக்கு எப்போதும் முதலில் ப்ளோயர், பிறகு பிரஷ், கடைசியாகத்தான் துணி. வாயால் ஊதாதீர்கள். சட்டை முனையால் துடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

பழைய 18-55-ஐ என்ன செய்வது என்று கேட்பீர்கள். விற்றால் பிரியாணிக் காசுதான் தேறும், விற்காதீர்கள். பாடி அதே கிராப் பாடி என்றால், புதிய 10-18-ஐ மாட்டிக்கொண்டு போகும் நாளில் 18-க்கு மேல் ஏதாவது தேவைப்பட்டால் பையில் அந்த 200 கிராம் இருக்கட்டும். ஃபுல் ஃப்ரேமுக்கு மாறியவர்கள் 16-35-உடன் ஒரு 50 எஃப்/1.8 சேர்த்துக்கொள்ளுங்கள், கிட் லென்ஸைப் பழைய பாடியோடு சேர்த்து, கேமரா கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்துவிடலாம்.